தாளாளர் படித்த ஆறு பெயர்கள்

சென்னையிலிருந்து போடிக்குக் குடிவந்த பிறகு நான் ஒரு மனிதரைப் பழிவாங்கினேன். அதைப் பற்றிச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். சிலர் அதற்குப் பொதுச்சேவை என்று பெயர் வைத்துவிட்டார்கள். சேவை எல்லாம் இல்லை. எனக்கு அவர் முகம் வாட வேண்டும், அதை நான் நேரில் பார்க்க வேண்டும். என் மனதில் அவ்வளவுதான் இருந்தது.

என் கணவருக்குச் சொந்த ஊர் இந்தப் பக்கம். மாமனார் இறந்தபின், போடிக்கு வெளியே மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பும் அதற்குள் ஓர் ஓட்டு வீடும் அவர் பங்காக வந்தன. அவர் பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். மூத்தவளுக்கு எட்டு வயது, இளையவளுக்கு மூன்று முடிந்திருந்தது. சென்னையில் மூன்றாவது மாடியில் இரண்டு அறைக்குள் வளர்ந்த பிள்ளைகள் மரத்தடியில் ஓடி விளையாடட்டும் என்று ஆசைப்பட்டோம். மூத்தவளுக்குத் திக்குவாய். அவளை அவசரப்படுத்தாத இடத்தில் வளருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மலையடிவாரத்தில் யாருக்கு என்ன அவசரம் என்று நினைத்துக்கொண்டு வந்தோம்.

வீடு பழகிவிட்டது. ஆழ்துளைக் கிணறு, அடிக்கடி போகும் கரண்டு, பாம்பு எல்லாமே ஒரு மாதத்தில் பழகிவிட்டன. பள்ளிக்கூடம்தான் பெரிய பேச்சாக இருந்தது. என் கணவரின் அண்ணனுக்கு அதில் சந்தேகமே இல்லை. தோப்பிலிருந்து நடக்கிற தூரத்தில் பெரிய தனியார் பள்ளி ஒன்று இருந்தது. அவர் பையன் அங்கேதான் படித்தான். சுற்றுவட்டாரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள், ஏலக்காய் வியாபாரிகள் எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான். தாளாளர் தனக்கு வேண்டியவர், ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன் என்றார்.

அந்த அறை இன்னும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுவர் நிறையக் கேடயங்கள். ஏ.சி.யின் குளிர். மேசைக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் தாளாளர். பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக அலுவலக உதவியாளர் ஒருவர். தாளாளர் முதலில் இளையவளைக் கூப்பிட்டார். அவள் கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொன்னாள். அவர் சிரித்து, கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். பிறகு மூத்தவளிடம் பெயர் கேட்டார்.

அவள் பெயர் 'ம' வில் தொடங்கும். அந்த எழுத்துதான் அவளுக்கு எப்போதும் தடங்கல். உதடுகள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும். பொறுத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். அவர் பொறுக்கவில்லை.

"ம்ம்ம்... என்ன பாப்பா, மோட்டாரு ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதா?" என்று அவளைப் போலவே உதட்டை ஒட்டிக் காட்டினார்.

உதவியாளர் சிரித்துவிட்டார். தாளாளரும் சிரித்தார். அதைக் கேலி என்று அவர் நினைக்கவில்லை, பிள்ளையைச் சகஜமாக்குகிறோம் என்றே நினைத்திருப்பார். என் மகள் வாயை மூடிக்கொண்டாள். அதன்பின் என்ன கேட்டும் திறக்கவில்லை.

அவர் எங்களிடம் திரும்பினார். ஆண்டு விழாவில் பிள்ளைகள் மைக்கில் பேச வேண்டியிருக்கும், ஆய்வுக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள், இந்தப் பிள்ளையால் பள்ளிக்கும் சிரமம், அவளுக்கும் சிரமம் என்றார். "சின்னத வேணா எடுத்துக்கிறேன். அது துறுதுறுன்னு இருக்கு" என்றார். கடையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவர் மாதிரி.

என் கணவர் "பரவால்ல சார், நன்றி" என்று எழுந்தார். அந்த நன்றிக்காக அவரோடு நான் ஒரு வாரம் பேசவில்லை. தாளாளர் வேண்டியவர் என்பதால் அண்ணனுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று நினைத்தேன் என்றார் பிறகு. அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

மூத்தவள் நான்கு நாட்கள் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமானால் குடத்தைக் காட்டினாள். இட்லி போதுமென்றால் தட்டைத் தள்ளினாள். தங்கை அவளுக்காகப் பேச ஆரம்பித்தாள். "அக்காவுக்குச் சட்னி வேணுமாம்." அதைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னால் ஒன்றும் செய்ய முடியாத எரிச்சல் அது. அந்தப் பள்ளியின் மஞ்சள் வண்டிகள் தினமும் காலையில் எங்கள் தோப்பு வேலியை உரசிக்கொண்டு போகும். பிள்ளைகள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அதில் ஒன்று வாய்க்காலில் கவிழட்டும் என்று மனசார வேண்டியிருக்கிறேன். இணையத்தில் அந்தப் பள்ளியைப் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதினேன். படித்துப் பார்த்தால் அழுகிறவள் எழுதினது மாதிரி இருந்தது. அழித்துவிட்டேன். நான் அழுவது அவருக்குத் தெரியக் கூடாது.

ஊருக்குள் ஓர் அரசு நடுநிலைப்பள்ளி இருந்தது. அண்ணன் அதை ஒரு பள்ளியாகவே சொல்லியிருக்கவில்லை. நான் மகளைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போனேன். தலைமையாசிரியை சத்துணவுக்கு அரிசி அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். கையைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, அவளிடம் பெயர் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் வாயெடுக்கப் போனேன். "நீங்க இருங்கம்மா" என்றவர், அவளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். தலையாட்டவில்லை, ஊக்கமாகச் சிரிக்கவும் இல்லை. சும்மா இருந்தார். நெடுநேரம் ஆனது போல் இருந்தது எனக்கு. பெயர் வந்தது. அவர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, மூன்றாம் வகுப்பு எந்த அறை என்று கை காட்டினார்.

மூத்தவள் அங்கே சேர்ந்தாள். இளையவளை அதே வளாகத்து அங்கன்வாடியில் விட்டேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அங்கே படிப்பது குடும்பத்துக்கே குறைச்சல் என்று என் கணவரின் அண்ணன் கொஞ்ச நாள் வராமல் இருந்தார்.

மூத்தவளுக்கு வகுப்பில் ஒரு தோழி கிடைத்தாள். தனியார் பள்ளியின் பின்சுவரை ஒட்டி இருக்கும் காலனியிலிருந்து வருகிறவள். அவள் அம்மா ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டிக் கேரளப் பக்கத் தோட்டத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் திரும்புவார். அதுவரை தோழி எங்கள் தோப்பில் இருப்பாள். சேலைக்கு மேல் போட்ட ஆம்பளைச் சட்டையோடு, கைவிரல்களில் கறையோடு, அவர் வந்து மகளை அழைத்துப் போவார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். என்னை அக்கா என்பார்.

கோடை விடுமுறை தொடங்கும் சமயம். ஒருநாள் அவர் தன் சின்ன மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க அந்தத் தனியார் பள்ளிக்குப் போய்வந்ததைச் சொன்னார். ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளியில் கட்டணமில்லாமல் கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதாக ஜீப்பில் யாரோ சொன்னார்களாம். கேட்கப் போனவரை வாசலிலேயே நிறுத்தி, இங்கே அதெல்லாம் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். அவர் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இப்படித்தான் நடக்கும் என்று தெரிந்தவர் மாதிரி சொன்னார்.

அன்று இரவே அந்தச் சட்டத்தை வரி விடாமல் படித்தேன். தொடக்க வகுப்பில் நூற்றுக்கு இருபத்தைந்து இடம். ஒரு கிலோமீட்டருக்குள் வீடு. விண்ணப்பம் அதிகமாக இருந்தால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல். பின்சுவர்தான் காலனியின் முன்சுவர். தன் பள்ளிக்குள் வரவே கூடாது என்று அந்த ஆள் நினைக்கிற பிள்ளைகளை, சட்டப்படி, அவர் கையாலேயே உள்ளே எடுக்க வைக்கலாம். அன்று நான் வெகு நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த ஒரு மாதம் எனக்கு அதுதான் சோலி. காலனியில் அந்த வயதில் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, சாதிச் சான்று என்று தாலுகா ஆபீசுக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைந்தேன். ஒரு நாள் கூலி போகும் என்று தயங்கிய அம்மாக்களை அண்ணன் வீட்டுக் காரிலேயே கூட்டிக்கொண்டு போனேன். அவரிடம் மார்க்கெட் போவதாகச் சொன்னேன். காலனி ஒரு கிலோமீட்டருக்கு வெளியே இருக்கிறது என்று பள்ளி எழுதிக் கொடுத்தது. அவர்கள் முன்வாசலிலிருந்து ஊரைச் சுற்றி அளந்திருந்தார்கள். என் கணவர் வரைபடம் எடுத்து, பின்சுவரையும் காலனியையும் படம்பிடித்துக் கொடுத்தார். அந்த 'நன்றி'க்கு அவர் செய்த பரிகாரமாக அதை எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை தேனிக்குப் போய், கலெக்டரின் குறைதீர் கூட்டத்தில் அம்மாக்களை வரிசையாக நிறுத்தி மனு கொடுத்தோம்.

அந்த நாட்களில் ஒருமுறை அரசுப்பள்ளித் தலைமையாசிரியை என்னை நிறுத்தினார். "அந்தப் பிள்ளைக எல்லாம் ரெண்டு வருசத்துல என் ஒண்ணாம் வகுப்புக்கு வர வேண்டியவங்கம்மா. அவரப் பழிவாங்க என் பள்ளிக்கூடத்தையா காலி பண்ணுவீங்க?" என்றார்.

பிள்ளைகளின் அம்மாக்கள்தான் ஆசைப்படுகிறார்கள் என்றேன். அது உண்மைதான். ஆனால் அதற்காக நான் அலையவில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அவர் வகுப்புக்குத் திரும்பிப் போனார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நிறுத்தவில்லை.

மனு ஏற்கப்பட்டு, குலுக்கல் நடந்தது. கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். அந்தப் பள்ளியின் பெரிய கூடத்தில், மேடை மீது ஒரு கண்ணாடிப் பெட்டி, பக்கத்தில் மைக். டவுனிலிருந்து விண்ணப்பித்தவர்களும் வந்திருந்தார்கள். காலனிப் பெண்கள் கடைசி வரிசைக்குப் போகப் பார்த்தார்கள். நான் அவர்களை முன்வரிசைக்குக் கூட்டிவந்து, நானும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். நல்ல பட்டுச்சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

சீட்டை யாராவது ஒரு பிள்ளை எடுக்கட்டும், பெயரை ஓர் ஆசிரியை படிக்கட்டும் என்றார் தாளாளர். அதிகாரி நல்லவரோ, சோம்பேறியோ தெரியாது. "நீங்களே எடுத்துப் படிச்சிருங்க சார், பின்னாடி பேச்சு வராது" என்றார்.

தாளாளர் மைக்கின் முன்னால் வந்து நின்றார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. தெரிந்த கணத்தை நான் பார்த்தேன்.

சீட்டை எடுப்பதற்கு முன் கீழே இறங்கி என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்தி, "எதுக்கும்மா இவ்வளவு தூரம்? ஒங்க மூத்த பிள்ளையவும் சேத்துக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே" என்றார்.

"என் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கெடச்சிருச்சு சார். நீங்க போய்ச் சீட்ட எடுங்க" என்றேன்.

எடுத்தார். மைக்கில் ஒவ்வொரு பெயராகப் படித்தார். பிள்ளை பெயர், அப்பா பெயர், தெருப் பெயர். காலனியிலிருந்து ஆறு பிள்ளைகளுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் தெருப் பெயரில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. தோழியின் தங்கை பெயர் ஐந்தாவதாக வந்தது. சிரிப்பை அடக்க நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு இருந்ததில்லை என்று என் கணவரிடம் சொன்னேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பள்ளி திறந்து இரண்டு மாதம் இருக்கும். தோழியின் அம்மா ஒரு சாயங்காலம் வந்தார். எப்போதும் வந்ததும் வாசல்படியில் உட்காருவார், டீ குடிப்பார். அன்று உட்காரவில்லை. தன் சின்ன மகள் தினமும் என்ன படித்தாய் என்று கேட்டால் ஆயா பாட்டுப் பாடினாங்க என்றே சொல்கிறாளாம். அன்று மழையால் ஜீப் போகவில்லை. மதியம் அவர் பிள்ளையைக் கூப்பிடப் போயிருக்கிறார். ஆறு பிள்ளைகளும் வகுப்பில் இல்லை. விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறையில், தரையில், பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஓர் ஆயா காவல். முதல் நாளிலிருந்தே அங்கேதானாம். மற்ற பெற்றோர் விரும்ப மாட்டார்கள் என்று காரணம் சொல்லியிருக்கிறார்கள்.

நான் எழுந்தேன், மனு என்றேன், கலெக்டர் என்றேன். அவர் என்னை நிறுத்தினார்.

"ஏக்கா, ஒங்க கோவத்துக்கு எங்க பிள்ளைகள உள்ள அனுப்பி விட்டுட்டீக. ஒங்க பிள்ளைக நல்ல எடத்துல இருக்கு. எங்க பிள்ளைக அந்தாளு கையில மாட்டிக்கிருச்சு. ரெண்டு மாசத்துல ஒரு நாளாச்சும் போயி எட்டிப் பாத்தீகளா?"

இல்லை. குலுக்கல் முடிந்த மறுநாளே எனக்கு அந்தக் கணக்குத் தீர்ந்துவிட்டிருந்தது. அந்தப் பிள்ளைகள் உள்ளே என்ன ஆனார்கள் என்று நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. தாளாளர் என் மகளை ஒரே ஒரு தடவை கேலி செய்தார். நான் ஆறு பிள்ளைகளை அவரிடமே தூக்கிக் கொடுத்துவிட்டு, பட்டுச்சேலையை மடித்து வைத்திருந்தேன்.

பிள்ளையை நிறுத்திவிடுவோமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் அதிகமானது. நிறுத்தினால் அந்த ஆள் நினைத்தது நடந்துவிடும் என்றார். "எம்புள்ளைக்கு டீச்சர் வேணும். வாங்காம விட மாட்டேன். நீங்க வர்றதா இருந்தா வாங்க. ஆனா பேசுறது நாங்க" என்றார். என்னுடையதைவிட ஆழமான கோபம் அது. அதில் பெருமிதம் எதுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில், பள்ளி வண்டிகளும் கார்களும் வந்து சேரும் நேரத்தில், ஜீப் ஒன்று மலைக்குப் போகாமல் பள்ளி வாசலுக்கு வந்து குறுக்கே நின்றது. ஆறு அம்மாக்களும் அதிலிருந்து இறங்கினார்கள். சேலைக்கு மேல் சட்டை, தலையில் துண்டு, தூக்குச்சட்டியில் சோறு. தோட்டத்துக்குப் புறப்பட்ட கோலத்திலேயே வந்திருந்தார்கள். ஜீப் ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். நான் எதிர்ப்பக்க வேலியோரம் நின்றேன்.

அவர்கள் கோஷம் போடவில்லை. வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பின்னால் கார்கள் நின்றன, ஹாரன் அடித்தன. தாளாளர் வெளியே வந்து, உள்ளே வாங்க பேசலாம் என்றார்.

"உள்ள எங்க சார்? பாய் விரிச்சிருக்கீகளே, அந்த ரூமுக்கா?" என்றார் தோழியின் அம்மா. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார், ஆனால் கத்தவில்லை. "இன்னைக்குச் சோலிக்குப் போகல. எங்க பிள்ளைக டீச்சர் முன்னாடி உக்காந்தப்பெறகுதான் ஜீப்பு நகரும்."

காரில் வந்த பெற்றோர் யாரும் அவர்களுக்காகப் பேசவில்லை. அப்படி ஒன்று நடந்ததாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். அவர்கள் கேட்டதெல்லாம், நேரமாகிறது, இதை வெரசா முடிங்க சார் என்பதுதான். என்ன ரூம், யார் அந்தப் பிள்ளைகள் என்று ஓரிருவர் விசாரித்தார்கள். ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்தார். தாளாளர் அந்தக் கைப்பேசியைப் பார்த்தார். சட்டத்துக்கும் மனுவுக்கும் அசையாதவர் அதற்கு அசைந்தார்.

உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அந்த ஆறு பிள்ளைகளும் வரிசையாக வராந்தாவில் வந்தார்கள். முன்னால் இரண்டு பிள்ளைகளின் கையைத் தாளாளரே பிடித்திருந்தார். வியர்வையில் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எல்.கே.ஜி. வகுப்பில் அவர்களைக் கலந்து உட்கார வைத்ததை அம்மாக்கள் ஜன்னலருகே நின்று பார்த்த பிறகுதான் ஜீப் கிளம்பியது. அந்தக் காட்சி எனக்கு இனித்தது. மனம் திருந்திவிட்டதாகப் பொய் சொல்லப் போவதில்லை. முதல் தடவையைவிட இது அதிகமாகவே இனித்தது.

ஆறில் இரண்டு பேரை அந்த வருடக் கடைசியில் பெற்றோரே நிறுத்தினார்கள். இருவரும் இப்போது அரசுப்பள்ளியில் இருக்கிறார்கள். தலைமையாசிரியை அதை என்னிடம் ஒரு வெற்றியைப் போலச் சொன்னார். நான்கு பேர் அங்கேயே தொடர்கிறார்கள். தோழியின் தங்கை இங்கிலீஷில் என்னைத் திருத்துகிறாள். என் மூத்தவளுக்குத் திக்கு போகவில்லை. 'ம' இன்னும் தடங்கல்தான். ஆனால் வரும்வரை விடுவதில்லை, எதிரில் இருப்பவர் காத்திருந்தே ஆக வேண்டும். தாளாளர் ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் அவரைப் பார்த்தபடி சாம்பார் கேட்டு வாங்கினேன்.

அடுத்த வருடமும் சேர்க்கைக்கு விண்ணப்பங்கள் போயின. தோழியின் அம்மாவே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். இ-சேவை மையத்துப் பையன்கள் அவரைக் கண்டதும் நாற்காலி போடுகிறார்கள். குலுக்கல் அன்று இளையவளுக்குக் காய்ச்சல், என்னால் போக முடியவில்லை. மதியம் அவர் போன் செய்து, எட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது, இந்த முறையும் தாளாளர்தான் படித்தார் என்றார். படிக்கும்போது முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். பெயர்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன், முகத்தைப் பார்க்கவில்லையே அக்கா என்றார் அவர்.

நான் போயிருந்தால் பார்த்திருப்பேன்.